பழைய பெடல் ஸ்டீல் கிட்டார்: சுருதி திரும்பாவிட்டால் எங்கே பார்ப்பது

பெடலை மிதித்தால் தந்தி ஏறுகிறது. காலை எடுத்தால் பழைய சுருதிக்கு வராமல் கொஞ்சம் மேலேயே நிற்கிறது. மேஜைபோல் கிடத்தி, தந்தி மேல் எஃகு பாரை நகர்த்தி, பெடலால் சுருதி மாற்றி வாசிப்பது பெடல் ஸ்டீல் கிட்டார். நாற்பது, ஐம்பது வருஷப் பழையது ஒன்று கைக்கு வந்ததும் முதலில் தலைவலி கொடுப்பது இதுதான். உடனே கை போவது வலது ஓரத்தில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் நைலான் நட்டுகளுக்கு. அதைத் திருப்பினால் அப்போதைக்குச் சரியானதுபோல் இருக்கும். ஆனால் கோளாறு நட்டில் இல்லை என்றால், இன்று ஒரு தந்தியைச் சரிசெய்து நாளை இரண்டு தந்தியைக் கெடுத்துக்கொள்வீர்கள். இந்த வாத்தியத்தில் தந்தியில் தொடங்கி பாதம் வரை ஒரு சங்கிலி ஓடுகிறது. எந்தக் கண்ணியில் சிக்கல் என்று கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை. மீதி, பெரும்பாலும் அழுக்கு எடுப்பது.

இங்கே சொல்வது ஆல்-புல் வகைக்கு, அதாவது ஏற்றம், இறக்கம் இரண்டையும் ராடை இழுத்தே செய்யும் வகைக்கு. 1970-களில் நாஷ்வில்லின் ஷோ-பட், டெக்சஸின் எம்.எஸ்.ஏ. போன்ற கம்பெனிகள் செய்த கிட்டார்களில் பல இந்த வகைதான். எம்மன்ஸ் புஷ்-புல் என்றால் ட்யூன் செய்யும் வரிசையே வேறு; ஃபெண்டர் 400, 1000 இரண்டிலும் ராடுக்குப் பதில் கேபிள். அவற்றுக்கு இதில் துடைப்பதும் எண்ணெய் விடுவதும் பொருந்தும், நட்டு திருப்புவது பொருந்தாது.

சங்கிலி எப்படி ஓடுகிறது

பெடலை அழுத்தினால் பெடல் ராட் கீழே இழுபடும். அது கிட்டாரின் அடிவயிற்றில் குறுக்கே கிடக்கும் கிராஸ் ஷாஃப்ட்டைச் சுழற்றும். ஷாஃப்ட்டில் பொருத்திய பெல் கிராங்க் என்ற சின்ன நெம்புகரம் புல் ராடை இடப்பக்கம் இழுக்கும். புல் ராடின் வலது முனை, சுருதியை மாற்றும் பொறியான சேஞ்சருக்குள் போகிறது. அதன் தலையில்தான் நைலான் நட். சேஞ்சரில் தந்திக்கு ஒரு ஃபிங்கர். எல்லா ஃபிங்கரும் ஒரே ஆக்ஸிலில் கோத்திருக்கும். ஃபிங்கரின் கீழ்ப்பகுதி இடப்பக்கம் இழுபட்டால் தலை வலப்பக்கம் சாயும், தந்தி விறைக்கும், சுருதி ஏறும். இறக்குவதற்குச் சேஞ்சருக்குள் தனி லீவர், அதற்குத் தனி ராட்.

இதில் ஒன்றை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஏறிய ஃபிங்கரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது தந்தியின் இழுவிசை. இறங்கியதைத் திருப்பிக் கொண்டுவருவது ஸ்பிரிங். சில மாடல்களில் ஏற்றத்துக்கும் ஒரு துணை ஸ்பிரிங் உண்டு, ஆனால் முக்கிய வேலை தந்தியுடையதுதான். அழுக்கு சேர்ந்தால் தந்தி தோற்றுப்போகும். வயதானால் ஸ்பிரிங் தோற்றுப்போகும்.

எந்தப் பக்கம் கோளாறு

ட்யூனரைச் செருகி, தந்தியைத் தட்டி, பெடலை மிதித்து விடுங்கள். முள் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள்.

ஏற்றிவிட்டுக் காலை எடுத்தபின் சுருதி ஏறியே நின்றால் கோளாறு வலப்பக்கம்: சேஞ்சர், அல்லது அதற்குக் கீழே உள்ள ராடும் ஷாஃப்ட்டும். இறக்கிவிட்டு விட்டபின் இறங்கியே நின்றால் அதுவும் வலப்பக்கம்தான். முதல் சந்தேகம் ஸ்பிரிங் மேல்.

இதற்கு நேர்மாறாக, ஏற்றி விட்டபின் சுருதி கொஞ்சம் இறங்கி நின்றால், அல்லது இறக்கி விட்டபின் கொஞ்சம் ஏறி நின்றால், சேஞ்சரைத் தொடவே வேண்டாம். கோளாறு இடது கோடியில், நட் ரோலரில், அதாவது ட்யூனிங் கீக்கு முன் தந்தி ஏறிப் போகும் சின்ன உருளையில் (நைலான் நட் வேறு). ஏற்றும்போது தந்தி ரோலர் மேல் வலப்பக்கம் நழுவுகிறது. ரோலர் சுழலாமல் இறுகியிருந்தால் நழுவிய தந்தி முழுசாகத் திரும்பிப் போகாது. வாசிக்கும் பகுதியில் ஒரு மயிரிழை தந்தி அதிகம் தங்கிவிடும், சுருதி இறங்கும். உறுதி செய்ய: சுருதி இறங்கி நிற்கும்போது ரோலருக்கும் ட்யூனிங் கீக்கும் நடுவில் இருக்கும் தந்தியை விரலால் ஒரு அழுத்து அழுத்தி விடுங்கள். சுருதி சரியான இடத்துக்கு வந்துவிட்டால் ரோலர்தான் குற்றவாளி.

வலப்பக்கம் என்று தெரிந்தால் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அவிழ்க்க வேண்டும். இந்த வரிசையில்:

1. அந்தத் தந்திக்கான நைலான் நட்டை இரண்டு முழுச் சுற்று தளர்த்துங்கள். பெடலைத் தொடாமலேயே வெறுந்தந்தியின் சுருதி மாறினால், யாரோ நட்டை அளவுக்கு மேல் முறுக்கி வைத்திருக்கிறார்கள். ஃபிங்கர் ஓய்வு நிலைக்கு வரவே இல்லை. கோளாறு அவ்வளவுதான்.
2. மாறவில்லை என்றால் பெடல் ராடைக் கொக்கியிலிருந்து கழற்றிவிட்டு, கிராஸ் ஷாஃப்ட்டைக் கையால் சுழற்றி விடுங்கள். இப்போது சுருதி ஒழுங்காகத் திரும்பினால் சிக்கல் பெடலில்: ராட் நீளம் போதவில்லை, அல்லது பெடல் தண்டு இறுகியிருக்கிறது.
3. அப்போதும் திரும்பவில்லை என்றால் புல் ராடைப் பெல் கிராங்கிலிருந்து விடுவித்து, ஷாஃப்ட்டை மட்டும் சுழற்றிப் பாருங்கள். தானாக விழ வேண்டும். பிசுபிசுவென்று நின்றால் கோளாறு ஷாஃப்ட்டின் இரு முனைகளைத் தாங்கும் புஷ் வளையங்களில்.
4. ஷாஃப்ட் சுதந்திரமாகச் சுழல்கிறது, ராடைக் கையால் இழுத்து விட்டாலும் சுருதி ஏறியே நிற்கிறது என்றால், சேஞ்சர்.

கருவிகள், அங்குலக் கணக்கில்

இந்த அமெரிக்கக் கிட்டார்கள் முழுக்க அங்குலக் கணக்கு. நம் ஊர்க் கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் ஆலன் கீ செட்டோடு உட்கார்ந்தால் திருகுகளின் வாயைக் கெடுத்துவிடுவீர்கள். 3/32 அங்குலம் என்பது 2.38 மி.மீ.; 2.5 உள்ளே போகாது, 2 போட்டால் உள்ளேயே சுழன்று அறுகோணத்தை வட்டமாக்கிவிடும். 5/64 மட்டும் 1.98 மி.மீ., அதனால் 2 மி.மீ. கீ தப்பிக்கும். நைலான் நட்டின் தலை பெரும்பாலும் 3/16 அங்குலம், பட்டறைக் கணக்கில் ஒன்றரை நூல். 5 மி.மீ. சாக்கெட் அதன் மேல் ஆடும். ஆடினால் நைலான் முனை மழுங்கும். 5/64, 3/32, 1/8, 9/64, 5/32 ஆலன் கீகளும் ஒரு 3/16 ட்யூனிங் சாவியும் முதலில் வாங்கிவிடுங்கள்.

இவை தவிர: மருந்துக்கடை சிரிஞ்சு ஊசியோடு இரண்டு, பழைய பல் துலக்கும் பிரஷ், ஜிப்போ லைட்டருக்கு ஊற்றும் திரவம், தையல் மிஷின் எண்ணெய், நுண்ணிய எமரி பேப்பர் (600, 1000, 2000), பிராஸோ, வெள்ளைத் துணி, பெயர் எழுதி ஒட்டும் டேப்.

எண்ணெய் விஷயத்தில் கறாராக இருங்கள். தையல் மிஷின் எண்ணெய் மெல்லியது, கெட்டியாகாது. டபிள்யூ.டி.-40 அடித்தால் அன்றைக்கு வெண்ணெய்போல் ஓடும். பிறகு அதன் படிவில் தூசி ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்: ஏசி அறையில் உறைந்துவிடும், நாளானால் பிசினாகும். கிரீஸும் வேண்டாம். பழைய சேஞ்சரைத் திறந்தால் உள்ளே பழுப்பாக மெழுகுபோல் இருப்பது பல நேரம் யாரோ எப்போதோ அப்பிய கிரீஸ்தான்.

கழற்றுவதற்கு முன்

கிட்டாரின் கால்களைக் கழற்றிவிட்டு, மேஜை மேல் தடித்த ஃபோம் விரித்து, கிட்டாரைக் குப்புறப் போடுங்கள். தந்திகளும் ட்யூனிங் கீகளும் எதிலும் அழுந்தாமல் இரு கோடி என்ட் பிளேட்டுக்கும் கீழே மரக்கட்டை கொடுப்பது நல்லது. பிறகு போட்டோ. மேலிருந்து ஒன்று போதாது. ஒவ்வொரு ஷாஃப்ட்டுக்கும் நேராக ஒன்று, சேஞ்சர் பக்கம் மூன்று கோணத்தில்.

போட்டோ இருந்தாலும் ஒரு அட்டவணை எழுதுங்கள். வழக்கமான அமைப்பு என்றால் (ஏ, பி, சி என்பவை மூன்று பெடல்களின் பெயர்) 14 ராடுகள்: ஏ பெடலுக்கு 5, 10-ஆம் தந்திகள், பி பெடலுக்கு 3, 6, சி பெடலுக்கு 4, 5, இ (E) சுருதித் தந்திகளை ஏற்றும் முழங்கால் லீவருக்கு 4, 8, இறக்கும் லீவருக்கு அதே 4, 8, இன்னொன்றுக்கு 2, 9, மற்றொன்றுக்கு 1, 2. உங்கள் கிட்டாரில் முன்பு வாசித்தவர் மாற்றியிருக்கலாம், அதனால் இருப்பதை எழுதுங்கள், இருக்க வேண்டியதை அல்ல. ஒவ்வொரு ராடுக்கும் நான்கு விவரம்: எந்தத் தந்தி, எந்தப் பெடல், பெல் கிராங்கில் எத்தனையாவது ஓட்டை, சேஞ்சரில் எத்தனையாவது ஓட்டை. கழற்றிய ராடில் டேப் ஒட்டி அதே எண்ணை எழுதுங்கள். ராடுகள் ஒன்றுபோல் தெரியும், நீளம் ஒன்றல்ல.

சேஞ்சர்: முதலில் கழுவுங்கள், பிறகுதான் பிரியுங்கள்

சேஞ்சரை அக்கக்காகப் பிரிப்பது ஒரு முழு நாள் வேலை. இரண்டு முறை கழுவியும் சரியாகாவிட்டால் மட்டும் அதற்குப் போங்கள்.

கழுவுவதற்குக் கிட்டார் நேராக, காலோடு நிற்க வேண்டும். தந்திகளைப் பாதி தளர்த்துங்கள். முழுசாக எடுத்தால் ஃபிங்கர் திரும்பி வராது. பிக்அப்பைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரத்தில் டேப் போடுங்கள். சேஞ்சருக்கு நேர் கீழே தரையில் பழைய துணி. ஜன்னல் திறந்திருக்கட்டும், லைட்டர் திரவம் பெட்ரோல்போல் பற்றிக்கொள்ளும், அறையில் கொசுவர்த்திகூட எரியக்கூடாது. உடல் மைக்கா ஒட்டியது என்றால் கவலையில்லை. லாக்கர் பூசியது என்றால் சிந்தியதை உடனே துடையுங்கள். பெயிண்ட் தின்னரை எந்த உடலுக்கும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், லாக்கரை உரித்துவிடும்.

சிரிஞ்சில் திரவம் எடுத்து, இரண்டு ஃபிங்கருக்கு நடுவே ஊசியை இறக்கி, ஒவ்வொரு இடுக்கிலும் சுமார் 1 மி.லி. விடுங்கள். உடனே எல்லாப் பெடலையும் லீவரையும் இருபது முப்பது தடவை அசையுங்கள். கீழே துணியில் கறுப்பாக, அலுமினியப் பொடியோடு கலந்து சொட்டும். சொட்டுவது தெளிவாகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். மோசமான சேஞ்சருக்கு நாலைந்து சுற்று ஆகும். ஒரு மணி நேரம் காயவிட்டு, வேறு ஊசியால் ஒவ்வொரு இடுக்கிலும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். அசைத்துவிட்டு வழிந்ததைத் துடைத்தெடுங்கள். கழுவிவிட்டு எண்ணெய் விட மறந்தால் அலுமினிய ஃபிங்கர் எஃகு ஆக்ஸிலை வறட்டு வறட்டென்று தேய்க்க ஆரம்பித்துவிடும்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால்: தந்திகள், புல் ராடுகள், பிறகு இறக்கத்துக்கான ஸ்பிரிங்குகள். ஸ்பிரிங்கை இடுக்கியால் பிடித்து இழுக்காதீர்கள். பிடித்த இடத்தில் கீறல் விழும், பிறகு அங்கேதான் ஒடியும். கெட்டி நூலை வளையமாகப் போட்டு இழுத்துக் கழற்றுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் செட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஆக்ஸிலைவிடச் சற்று மெல்லிய பித்தளை அல்லது மரக் குச்சியால் தட்டி வெளியே தள்ளுங்கள். எஃகு வைத்துத் தட்டினால் முனை பூப்போல் விரியும், திரும்ப ஓட்டைக்குள் போகாது.

ஃபிங்கர்களுக்கு 1 முதல் 10 வரை எண் போட்டு, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவையுங்கள். மண்ணெண்ணெய் படிவு தங்கக்கூடாது. ஏற்றும் லீவரும் இறக்கும் லீவரும் ரிவெட்டால் சேர்த்திருந்தால் ரிவெட்டைத் துளைக்காதீர்கள். ஊறவைத்து அசைத்தாலே இளகும். ஆக்ஸிலை நகத்தால் நெடுக வருடிப் பாருங்கள். ஃபிங்கர் உட்காரும் இடத்தில் நகம் தட்டினால் ஆக்ஸில் தேய்ந்துவிட்டது, புதிது வேண்டும். அதே விட்டத்தில் கிரைண்டிங் செய்த எஃகுத் தண்டு கிடைத்தால் லேத் பட்டறையில் நீளத்துக்கு வெட்டி, முனையைச் சற்று உருட்டிவிடச் சொல்லுங்கள்.

ஃபிங்கரின் தலையில் தந்தி உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். 3-ஆம் தந்தி, அந்த .011 அங்குலத் தடிமனுள்ள ஜி ஷார்ப், அடிக்கடி அறுந்தால் அறுந்த முனையைப் பாருங்கள். அறுந்த இடம் ஃபிங்கரின் உச்சிக்கு நேராக இருந்தால் பள்ளத்தின் கூர்மையும் காரணமாக இருக்கலாம். 600 எமரியில் தொடங்கி, தந்தி போகும் திசையிலேயே வளைவை ஒட்டித் தேய்த்து, 1000, 2000 என்று போய், பிராஸோவில் முடியுங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஒரு ஃபிங்கரை மட்டும் அதிகம் தேய்த்தால் அந்தத் தந்தி மற்றவற்றைவிடத் தாழ்ந்துவிடும். பார் வைத்தால் அதில் படாது, கறகறக்கும்.

ஸ்பிரிங் தளர்ந்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி. ஏற்றமும் இறக்கமும் இரண்டும் உள்ள தந்தியை, உதாரணமாக 4-ஆம் தந்தியை, ஏற்றும் பெடலை முழுசாக மிதித்துக்கொண்டே சேஞ்சரின் பின்பக்கம் டார்ச் அடியுங்கள். இறக்கும் லீவர் தன் ஸ்டாப்பை ஒட்டியபடி அசையாமல் இருக்க வேண்டும். மயிரிழை விலகினாலும் ஸ்பிரிங்குக்குப் பலம் போதவில்லை. கொக்கியை அடுத்த ஓட்டைக்கு மாற்றி இழுவையைக் கூட்டலாம். ஓட்டை இல்லையென்றால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். தேவைக்கு மேல் பலமான ஸ்பிரிங் போட்டால் முழங்கால் லீவர் கல்லாகிவிடும்.

நட் ரோலர்

சின்ன வேலை. தந்தியைத் தளர்த்தி ஓரமாக ஒதுக்கி, ரோலர் தண்டை உருவி, ரோலர்களை அதே வரிசையில் ஒரு குச்சியில் கோத்துவிடுங்கள். பல கிட்டார்களில் ஒவ்வொரு தந்தியின் தடிமனுக்கும் ஏற்றபடி ரோலரின் பள்ளம் வெட்டியிருக்கும், எல்லாத் தந்தியின் மேற்பரப்பும் சமமாக வருவதற்காக. கீழே கொட்டிக் கலந்துவிட்டால் மறுபடி வரிசைப்படுத்த ஒரு மாலை போய்விடும். கழுவி, தண்டைத் துணியால் மெருகேற்றி, ஆளுக்கு ஒரு சொட்டு எண்ணெய்.

ஷாஃப்ட், பெல் கிராங்க், முழங்கால் லீவர்

ஷாஃப்ட் முனைகளைத் துடைத்து ஒரு சொட்டு விட்டால் போதும். கடலோர ஊரில் பல வருஷம் கிடந்த கிட்டார் என்றால் எஃகு ஷாஃப்ட்டில் துரு புள்ளி புள்ளியாக இருக்கும். 1000 எமரியால் எடுத்துவிட்டு எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.

பெல் கிராங்கில் கவனம் வேண்டும். 1970-களின் பிற்பாதியில் வந்த சில மாடல்களில் பெல் கிராங்கும் லீவர் பிராக்கெட்டும் துத்தநாகக் கலவை வார்ப்பு. பார்க்க இரும்புபோல் சாம்பல் நிறம், குணம் பிஸ்கட். ஆலன் கீயை நுனியில் பிடித்துக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் கொடுக்கும் பலத்துக்கு மேல் முறுக்காதீர்கள். விரிசல் விட்டதை வெல்டிங் செய்ய முடியாது; எபாக்ஸி ஒட்டினால் இரண்டாவது மிதிக்கே விட்டுப்போகும். அதே அளவில் அலுமினியத்தில் கடைந்தெடுத்த மாற்று உறுப்புகள் அமெரிக்காவில் விற்கின்றன. அவசரம் என்றால் உள்ளூர் மில்லிங் பட்டறையில் மாதிரி கொடுத்துச் செய்யலாம். ஓட்டைகளின் இடைவெளியை வெர்னியரில் அளந்து கொடுங்கள், கண்ணளவில் அல்ல.

பெல் கிராங்கில் ராட் எந்த ஓட்டையில் என்பதுதான் காலுக்குத் தெரியும் கனத்தைத் தீர்மானிக்கிறது. ஷாஃப்ட்டிலிருந்து தள்ளிய ஓட்டை: ராட் அதிகம் நகரும், மிதி குறையும், கனம் கூடும். நெருங்கிய ஓட்டை: மிதி நீளும், இலகுவாகும். சேஞ்சர் பக்கம் இது தலைகீழ்: ஆக்ஸிலுக்குத் தள்ளிய ஓட்டைதான் இலகு, ஆனால் ராட் அதிகம் நகர வேண்டும். ஒரே பெடலில் இரண்டு தந்தி ஏறும்போது ஒன்று முந்திக்கொண்டு மற்றது பின்தங்கினால் இந்த ஓட்டைகளை மாற்றித்தான் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். முந்துகிற தந்தியின் ராடைப் பெல் கிராங்கில் ஒரு ஓட்டை உள்ளே மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்.

முழங்கால் லீவர் சோம்பலாகத் திரும்பினால் அதன் அச்சு போல்ட் அதிகம் இறுகியிருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, போல்ட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாக இளக்கி, மறுபடி பூட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால் ஓட்டை தேய்ந்திருக்கிறது. பித்தளை புஷ் அடிப்பதுதான் நிரந்தர வழி, வாஷர் போடுவது நாலு நாளைக்கு.

பெடலுக்கு வந்தால், முதலில் கால்கள் இறுக்கமாகத் திருகியிருக்கின்றனவா என்று பாருங்கள். பெடல் ஆடுகிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள், ஆடுவது காலாக இருக்கும். பெடல் ராடைத் திரும்ப மாட்டும்போது பெடல் ஓய்வில் அரை நூல் அளவு தளர்ச்சி இருக்கட்டும். அந்தத் தளர்ச்சி இல்லாமல் விறைப்பாக மாட்டுவதுதான் மேலே சொன்ன 'ஏறியே நிற்கும்' கோளாறுக்குச் சர்வசாதாரணமான காரணம்.

திரும்ப ட்யூன் செய்வது

புதுத் தந்தி போடுங்கள். பழைய தந்தியை வைத்து இவ்வளவு வேலையையும் சோதிப்பதில் அர்த்தமில்லை. எல்லா நைலான் நட்டையும் ராட் லேசாக ஆடும் அளவுக்குத் தளர்த்திவிட்டு, கீஹெட்டில் (ட்யூனிங் கீகள் இருக்கும் இடது கோடியில்) வெறுந்தந்திகளை ட்யூன் செய்யுங்கள். தந்தியைக் கையால் இழுத்துவிட்டு, பெடல்களை ஐம்பது தடவை மிதித்து, மறுபடி ட்யூன். நிலைத்த பிறகு ஏற்றங்கள்: பெடலை ஸ்டாப் வரை மிதித்துப் பிடித்துக்கொண்டு நட்டை உள்ளே முறுக்கினால் சுருதி ஏறும். பிறகு இறக்கங்கள்: உள்ளே முறுக்கினால் இன்னும் இறங்கும். முறுக்கி முறுக்கியும் சுருதி எட்டவில்லை, அதே நேரம் வெறுந்தந்தி நகர ஆரம்பிக்கிறது என்றால் நிறுத்துங்கள். பெடலின் ஓட்டம் போதவில்லை. ஸ்டாப்பைத் தள்ளிவையுங்கள், அல்லது பெல் கிராங்கில் ஒரு ஓட்டை வெளியே போங்கள். புரி கெட்ட நைலான் நட்டுக்குப் பதிலாக உலோக நட்டு போடாதீர்கள். ராடின் புரியைத் தின்றுவிடும், வாசிக்கும்போது சிணுங்கும்.

எல்லாம் முடிந்து ஆம்பிளிஃபயரில் போட்டால் எங்கோ சிர்ரென்று ஒரு சத்தம் வரலாம். தந்தியைத் தட்டிவிட்டு அடியில் ஒவ்வொரு ராடாக விரலால் தொடுங்கள். தொட்டதும் சத்தம் நிற்கும் ராட் பக்கத்து ராடிலோ பெல் கிராங்கிலோ உரசுகிறது. கையால் மிக லேசாக வளைத்து விலக்கினால் போதும்.

கடைசியாக, ஏ, பி இரண்டு பெடலையும் சேர்த்து மிதிக்கும்போது அவற்றோடு சம்பந்தமே இல்லாத 4-ஆம் தந்தியும் ட்யூனரில் சில சென்ட் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூற்றில் ஒரு பங்கு) இறங்கிக் காட்டும். இது கோளாறு அல்ல. மிதிக்கும் பலத்தில் மர உடலே கொஞ்சம் வளைகிறது. நல்ல கிட்டாரில் குறைவாகவும் சுமாரானதில் அதிகமாகவும் இருக்கும். கழுவுவதற்கு முன்பே இதை அளந்து குறித்து வைத்திருந்தால், வேலை முடிந்தபின் அதே எண் வருகிறதா என்று பார்க்கலாம். முன்பைவிடக் கூடியிருந்தால் என்ட் பிளேட் திருகுகளில் ஏதோ ஒன்றை இறுக்காமல் விட்டிருக்கிறீர்கள்.